எடை மேடையில் யாரும் இல்லை

ரங்கன் மில்லுக்குத் தர வேண்டியிருந்தது எட்டாயிரத்து நானூறு ரூபாய்.

இது நடந்த விஷயம். கதை கட்டி எழுதுகிற அளவுக்கு எனக்கு எழுத்து வராது. நாற்பது வயதுக்கு மேல் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியவள் நான். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் எழுதுகிறேன். நம்பாதவர்கள் உத்திரமேரூர் பக்கம் அந்தக் காலத்தில் மில் வேலைக்குப் போன யாரையாவது பிடித்து, "அந்த எடை மேடை" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். குடிக்கிற டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

2004ஆம் வருடம். காஞ்சிபுரம் போகும் ரோட்டின் மேல் இருந்தது அந்த அரிசி மில். என் பெயர் மார்த்தாள். நெல் அவிக்கிற வேலை. ஏசி அறையைப் பெருக்கித் துடைப்பதும் நான்தான். அந்த அறையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. சர்வர் என்பார்கள். மில்லின் மொத்தக் கணக்கும் அதற்குள் ஓடியது. மனுஷனுக்கு மின்விசிறி இல்லாத மில்லில் அதற்கு மட்டும் இரண்டு ஏசி.

மூட்டை தூக்குகிறவர்கள் கழுத்தில் ஆளுக்கு ஒரு அட்டை தொங்கும். அட்டையில் நம்பர். ரங்கனுடையது நாற்பத்து மூன்று. வாசலில் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அதைக் காட்ட வேண்டும். அட்டையைக் காட்டிவிட்டு மூட்டையை எடை மேடையில் வைக்க வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். சிவப்பு எழுத்தில் எடை தெரியும். அந்த எடை சர்வருக்குப் போகும். சர்வர் அதை வாங்கிக்கொண்டதும் 'டொக்' என்று பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்தால்தான் அந்த மூட்டையை எடுக்கலாம். அதுவரை பின்னால் நிற்கிறவன் எழுபத்தைந்து கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

முதலில் டிக், டொக் என்று உடனுக்குடன் எரிந்தது. அந்த வருடம் பொங்கலுக்கு முன்னால் கணக்கில் ஏதோ உதைத்தது என்று, கம்ப்யூட்டர்காரத் தம்பி வினோத்தைக் கூப்பிட்டார்கள். ஏனாத்தூரில் படித்த பையன். அவர் வந்து ஏதோ செய்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பச்சை வருவதற்கு நேரமானது. டிக்குக்கும் டொக்குக்கும் நடுவில் பாதி பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்கலாம். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அறுவடை நேரம். ரோட்டில் லாரிகள் வரிசை. கூலி மூட்டைக்கு இத்தனை என்று கணக்கு. பச்சை எரிய நேரமானால் கூலியும் போச்சு, கழுத்தும் போச்சு. தை மாதக் கடைசியில் வினோத் மறுபடி வந்தபோது ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா சார், உன் மிஷினு மாசமா கீதா? இவ்ளோ மெதுவா நவுருது?"

எல்லோரும் சிரித்தார்கள். வினோத்தும் சிரித்தார்.

"எல்லாத்தையும் எழுதுதுண்ணா. லாக்னு பேரு. நீங்க அட்டை காட்டினது, மூட்டை வெச்சது, நம்பரு ஆடினது, ஆபீஸ்ல யாரு எதைத் தொட்டாங்க, எத்தனை மணிக்குத் தொட்டாங்க... ஒரு மூட்டைக்கு அறுபது வரி எழுதுது. எழுதி முடிச்சாத்தான் அடுத்த வேலைக்கு வரும்."

"அது குளுகுளுன்னு உக்காந்து எழுதுது. நாங்க இங்க நின்னு சொமக்கறோம்."

"அதான் நிறுத்தலாம்னு வந்திருக்கேன். எழுதறது சும்மா வராதுண்ணா. அதுக்கும் நேரம் செலவாகும்."

அப்போதுதான் ரங்கன் முன்னால் வந்தான். ஒல்லியான ஆள். அதிகம் பேசமாட்டான்.

"சார், அது எழுதினதை அப்பாலிக்கு எடுத்துப் பாக்க முடியுமா?"

"முடியும். ஏன்?"

"ஏழு வருசமா தூக்கறேன் சார். முன்பணம் வாங்கனது அஞ்சாயிரம். இப்போ எட்டாயிரத்து நானூறு கீதுன்றாங்க. தூக்கத் தூக்க ஏறுது. நான் தூக்கறதை மொத தபா எழுதறது இந்த மிஷினுதான். எழுதட்டும் சார். நான் நின்னுக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் மேனேஜர் கிருஷ்ணசாமி நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தோம்.

"வக்கீலு சார், நீ ஒருத்தன் கணக்குப் பாக்கறதுக்கு முப்பது லாரி ரோட்டுல நிக்கணுமா?" என்றார். வினோத்திடம் திரும்பினார். "நிறுத்துப்பா. தப்பு வந்தா மட்டும் எழுதட்டும். போதும்."

நிறுத்தினார்கள். மத்தியானத்திலிருந்து டிக், டொக். எல்லோருக்கும் நிம்மதி. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பாண்டியன் குஷியில் ரங்கனையே மேடையில் ஏற்றி நிற்க வைத்தான். டிக். ஐம்பத்து மூன்று புள்ளி நான்கு. டொக்.

"இன்னா மாமா, ஒரு மூட்டைக்கே தேற மாட்டியா? உன்னை சாக்குல போட்டா பாதி சாக்கு காலியாத்தான் கெடக்கும்."

"எலும்புக்குத் தனி ரேட்டுடா, பாண்டி" என்றான் ரங்கன்.

நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குச் சாயங்காலம். கிருஷ்ணசாமி மற்றவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார். மிச்சம் இருந்த கொஞ்சம் மூட்டைகளைப் போட ரங்கனை மட்டும் நிறுத்தினார். நான் அவியல் கொப்பரைப் பக்கம் இருந்தேன். மூட்டை விழுகிற சத்தம் கேட்டது. டிக், டொக். டிக், டொக். அப்புறம் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கிருஷ்ணசாமி சொன்னார்: "ரங்கன் ஓடிட்டான்."

ரங்கனின் பெண்சாதி சரசு மில்லுக்குப் பின்னால் கொட்டகையில்தான் இருந்தாள். களத்தில் நெல் துழாவுகிறவள். அவள் கையில் ரங்கனின் சும்மாடு இருந்தது. மூட்டைக்கு அடியில் தலையில் வைக்கிற சுருட்டிய துண்டு. எடை மேடை ஓரத்தில் கிடந்ததாம்.

"சும்மாட்டை வுட்டுட்டு எங்கக்கா ஓடுவான்?" என்று என்னைக் கேட்டாள். "ராத்திரி அதைத் தலைக்கு வெச்சிக்கினுதானே தூங்குவான்."

பாண்டியனை கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னோம். பார்த்தான். ரங்கன் அட்டை எத்தனை மணிக்கு வாசலைத் தாண்டியது என்ற எழுத்து எதுவும் இல்லை. தப்பு வந்தால் மட்டும் எழுது என்றுதானே சொல்லியிருந்தார்கள். ஒரு ஆள் உள்ளே போய் வெளியே வராமல் இருப்பது சர்வருக்குத் தப்பில்லை.

சரசு புகார் கொடுக்கப் போகிறேன் என்றாள். கிருஷ்ணசாமி குரலை உயர்த்தவில்லை. "குடு. முன்பணம் வாங்கிக்கினு ஓடினான்னு நானும் குடுக்கறேன். யாரு பேச்சு நிக்கும்?" என்றார். அன்றிலிருந்து அவள் கூலியில் பாதியைப் பிடித்தார்கள். கையில் வாங்கி, பையில் போட்டுக்கொண்டார்கள். துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

பங்குனி பிறந்ததும் இன்னொன்று சொன்னார். "உன் ஒருத்தி கூலியில இது தீராது. பொண்ணு வாலாஜாபாத் ஆஸ்டல்ல சும்மாதானே கீது? அமாவாசை கழிச்சு கூட்டியாந்துடு."

அவள் மகள் தேவிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள்.

சரசு என்னிடம் வந்து அழவில்லை. "அவன் படிக்காததாலதான் மாட்டிக்கினான்னு அதைப் படிக்க வெச்சோம்க்கா" என்றாள். அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் மில்லில் ஒரு மாற்றம். பச்சை விளக்கு மறுபடி நேரம் கழித்து எரிய ஆரம்பித்தது. முதலில் சாயங்காலத்தில் மட்டும். அப்புறம் பகலிலும். பாண்டியன் வினோத்துக்குப் போன் போட்டான். வினோத் கேட்டதையெல்லாம் பார்த்துச் சொன்னான். லாக் நிறுத்தித்தான் இருந்தது. ஆனால் சர்வர் பெட்டியில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு. அது உள்ளே எழுதும்போது மட்டும் மின்னும். இப்போது மின்னவில்லை. விடாமல் எரிந்தது.

"எழுதிக்கினே கீதுக்கா" என்றான் என்னிடம். "இன்னாத்த எழுதுதுன்னுதான் தெரியல."

இன்னொன்று, மூன்றாம் நம்பர் நெல் தொட்டிப் பக்கம் நாற்றம். இரண்டு ஆள் உயர இரும்புத் தொட்டிகள் அவை. விலை ஏறட்டும் என்று மூன்றாம் தொட்டியைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். அவிக்கிற நெல்லின் நாற்றத்திலேயே பிழைக்கிறவர்கள் நாங்கள். இன்னொரு நாற்றத்தை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

பங்குனி அமாவாசை வந்தது. அமாவாசையன்று மூட்டைக்காரர்கள் வேலைக்கு வரமாட்டார்கள். மில் ஓடாது. வேதக்காரியான எனக்கு அமாவாசை இல்லை. அதனால் ஏசி அறையைத் துடைக்கும் வேலையை அன்றைக்கென்று எனக்கு வைத்துவிடுவார்கள். வாட்ச்மேன் கேட்டில் இருந்தார். உள்ளே நான் மட்டும்.

மணி ஆறரை. இருட்ட ஆரம்பித்திருந்தது.

கதவைத் திறந்தேன். குளிர் முகத்தில் அடித்தது. எப்போதும் இருக்கிற குளிர் இல்லை. நனைந்த சாக்கைப் போர்த்தியது மாதிரி. சர்வர் பெட்டிக்குள் கர்ர்... கர்ர்... என்று சத்தம். எலி மரத்தைக் கடிக்கிற மாதிரி. சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது.

பாண்டியன் அணைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் திரை எரிந்துகொண்டிருந்தது.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. வரி வரியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. இங்கிலீசு எனக்குத் தெரியாது. நம்பர் தெரியும்.

43... 53.4

43... 53.1

43... 52.6

நாற்பத்து மூன்று யாருடைய அட்டை என்று மில்லில் எல்லோருக்கும் தெரியும்.

துடைப்பத்தைக் கீழே வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். முதல் நம்பர் மாறவே இல்லை. இரண்டாவது நம்பர் மட்டும் இறங்கியது. 47... 41.8... 36... மெதுவாக. நிற்காமல். ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டே போகிற மாதிரி.

43... 29.3

43... 24.0

43... 22.6

வரிகள் நின்றன. கர்ர் சத்தமும் நின்றது.

வெளியே...

டிக்.

எடை மேடையின் சத்தம்.

பூனையாக இருக்கும் என்று நினைத்தேன். நாயாக இருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தேன்.

மேடையில் யாரும் இல்லை.

சிவப்பு எழுத்தில் 22.6 என்று எரிந்தது.

பச்சை எரியவில்லை.

கம்பி லூசாக இருக்கும்... இருக்க வேண்டும். நான் கிட்டப் போனேன். நம்பர் ஆடியது. 22.5... 22.6... 22.5...

மூட்டை வைத்தால் நம்பர் ஆடாது. வைத்த இடத்தில் நிற்கும். மூச்சு விடுகிற ஒன்று ஏறி நின்றால்தான் அப்படி ஆடும். பாண்டியன் எங்களை ஏற்றி விளையாடும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்.

ஜெபம் சொன்னேன். பாதி சொன்னேன். பச்சை எரியவில்லை. முழுவதும் சொன்னேன். எரியவில்லை.

பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டது... "ஹ்ம்..."

கனத்தோடு நிற்கிறவன் விடுகிற மூச்சு.

"ரங்கா..." என்றேன். "நின்னுக்கினா கீறே?"

நம்பர் ஆடுவது நின்றது.

நான் ஓடினேன்.

செருப்பில்லாமல் களத்தைத் தாண்டி ஓடினேன். சரசு கொட்டகையில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பைத்தியம் என்பாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பு விறகை வெளியே இழுத்துப் போட்டாள்.

"ஓடிப்போனவன் திரும்பி வந்து மேடையில நிப்பானாக்கா?" என்றாள். சும்மாட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவன் ஓடல. எங்கியும் போகல. பொண்ணை நான் கூட்டியார மாட்டேன்."

மறுநாள் காலை ஏழரைக்கு கிருஷ்ணசாமி முன்னால் போய் அதையே சொன்னாள். அவருக்குக் கேட்க நேரம் இல்லை. சர்வர் நின்றுபோயிருந்தது. எழுத இடம் இல்லை, உள்ளே ரொம்பிவிட்டது என்று பாண்டியன் சொன்னான். வினோத்துக்குப் போன் போனது. லாரிகள் நின்றன. ஒரு பெரிய ஆர்டருக்கு அன்றைக்கே அரிசி போயாக வேண்டும். மூன்றாம் தொட்டியைக் கையாலேயே திறக்கச் சொல்லி முதலாளியிடமிருந்து உத்தரவு வந்தது.

திறந்தார்கள். நெல் கொஞ்சம் கொட்டியது. பிறகு நின்றது.

ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

கம்பியை விட்டுக் குத்தினார்கள். முதலில் ஒரு அட்டை வந்து விழுந்தது.

அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். சரசு இதைப் படிக்கச் சொல்லிக் கேட்கக்கூடும்.

போலீஸ் வந்தது. நெல்லைத் தள்ளிவிட மேலே ஏறியவன் தவறி விழுந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். தொட்டிக்குள் விழுந்தவனை நெல் விடாது. அது உண்மைதான். எடுத்ததையெல்லாம் ஒரு சாக்கில் வைத்தார்கள். பாதி சாக்கு காலியாகக் கிடந்தது. பாண்டியன் முகத்தை மூடிக்கொண்டான்.

இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கை மாற்றிக்கொள்வதற்காக ஒரு நிமிஷம் எடை மேடையில் வைத்தார்கள்.

டிக்.

22.6.

டொக்.

பச்சை விளக்கு எரிந்தது. உடனே எரிந்தது.

"சர்வர் ஆஃப்ல கீது..." என்றான் பாண்டியன். அவன் கையில் பிடுங்கிய ஒயர் இருந்தது. "ஐயோ, சர்வர் ஆஃப்ல கீதுக்கா..."

சாயங்காலம் வினோத் வந்தார். சர்வரை எழுப்பினார். உள்ளே ஆறு வாரமாக எழுதிய ஒரு லாக் இருந்தது. இருந்த இடத்தையெல்லாம் அதுதான் ரொப்பியிருந்தது. வரிக்கு வரி நாற்பத்து மூன்று. வரிக்கு வரி ஒரு எடை.

"நான் நிறுத்தினது நிறுத்தினபடி இருக்கு" என்றார். மூன்று தடவை சொன்னார். "இது எழுதவே முடியாது. இது எப்படி..." ஏசியில் உட்கார்ந்தும் அவருக்கு வேர்த்தது.

சரசு வாசலில் நின்றிருந்தாள். அந்த அறைக்குள் அவள் அதுவரை வந்தது கிடையாது.

"சார், அவன் கடன் எவ்ளோ கீதுன்னு பாத்துச் சொல்லு. மீதியை நான் கட்டிட்டுப் போயிடறேன். பொண்ணை மட்டும் வுட்டுடச் சொல்லு."

வினோத் தட்டினார். பார்த்தார். மறுபடி தட்டினார்.

"கடன் எதுவும் இல்லையேம்மா."

"இன்னா சார் சொல்றே? போன சனிக்கிழமைகூடப் பிடிச்சாங்களே."

"எட்டாயிரத்து நானூறு, தள்ளுபடின்னு போட்டிருக்கு. காரணம், ஆள் இல்லை. இப்போ போட்டது இல்லம்மா. தை மாசமே போட்டிருக்காங்க. அந்த... நான் லாக்கை நிறுத்தின அன்னிக்கே."

"யாரு சார் போட்டது?" என்று கேட்டேன்.

வினோத் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"அது லாக்லதான் இருக்கும். அதைத்தான் அன்னிக்கு நிறுத்தச் சொன்னாங்களே."

கிருஷ்ணசாமியைத் தேடினோம். மத்தியானமே போய்விட்டிருந்தார். முதலாளி போட்டாரா என்றால், லாக்கை நிறுத்திய அன்று அவரும் மில்லில் இருந்தாராம், இல்லையாம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இன்று வரை எழுத்தில் எதுவும் இல்லை.

தள்ளுபடி போட்ட நேரம் மட்டும் அந்த வரியில் இருந்தது. மாலை ஆறு நாற்பத்தொன்று. பாண்டியன் எதற்கோ ரங்கனின் மூட்டைக் கணக்கையும் திறந்தான். கூலிக் கணக்கு என்பதால் அதை யாரும் நிறுத்தவில்லை. கடைசி வரியைப் படித்தான். அப்புறம் கையை கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டான்.

அட்டை நாற்பத்து மூன்று. எழுபத்தைந்து கிலோ. மணி ஆறு ஐம்பது.

கடன் தீர்ந்த பிறகும் ஒன்பது நிமிஷம் தூக்கியிருக்கிறான்.